ஐயாசாமியின் பேட்ஜ் பெட்டி

மூடியைத் திறந்ததும் முதலில் ஊதுவார். பிறகு கைக்குட்டையில் சுத்தமான ஒரு மூலையைத் தேடிப் பிடித்து, உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும் பேட்ஜுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பக்கம் துடைத்து, பின்பக்கம் துடைத்து, ஊக்கு சரியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிவப்புத் துணியில் திரும்பவும் படுக்க வைப்பார். பழைய பிஸ்கட் டின் அது. மூடியில் குதிரை வண்டிப் படம் இருக்கும். திங்கட்கிழமை காலை இந்தக் காரியம் முடியும்வரை மோகா ஊரில் இருக்கும் கதிர் ஆராய்ச்சி ஆபீசின் பின் அறைக்குள் யாரும் நுழையக்கூடாது, பலமாகத் தும்மக்கூடாது. தபால்காரன் வந்தால் வாசலிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

பேட்ஜ் என்றால் பெரிய சமாசாரம் இல்லை. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் கறுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு பிலிம். எக்ஸ்ரே மெஷின் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இதை மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். மெஷினிலிருந்து சிதறும் கதிர் ஆள்மேல் பட்டால் பிலிம்மேலும் படும். பட்ட அளவுக்குப் பிலிம் கறுக்கும். மாதக் கடைசியில் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினால், அங்கே கழுவிப் பார்த்து இன்னாருக்கு இவ்வளவு கதிர் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பெரிய தேசங்கள் எங்கெங்கோ குண்டை வெடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, நம் தீவில் கதிரால் யாருக்கு என்ன ஆகிறது என்று அரசாங்கத்துக்குத் திடீரென்று ஓர் அக்கறை பிறந்தது. அந்த அக்கறைக்கு இரண்டு அறை, ஒரு டைப்ரைட்டர், ஒரு வெள்ளைக்கார டாக்டர், ஓர் ஐயாசாமி ஒதுக்கப்பட்டார்கள்.

ஐயாசாமிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளை சாக்ஸ், வெயில் நாளிலும் கையில் குடை. நெற்றியில் திருநீறு உண்டு. டாக்டர் ஆபீசில் இருக்கும் நாட்களில் அது கொஞ்சம் மங்கலாகத் தெரியும். வீட்டில் தீவுப் பேச்சான கிரியோல் பேசுவார், ஆபீசில் இங்கிலீஷ், கோயிலிலும் ஊர்த் தமிழர்களிடமும் தமிழ். எந்தப் பாஷையில் ஆரம்பித்தாலும் நடுவில் ஒரு கிரியோல் வாசகம் வந்தே தீரும். “குவேர்ன்மா சொ ஸஃபேர்” என்பார். அரசாங்கத்துச் சாமான் என்று அர்த்தம். பேனாவைத் தொட்டால் அப்படி, நாற்காலியை நகர்த்தினால் அப்படி. ஒருமுறை ஆபீஸ் ஜன்னலோரம் கூடு கட்டிய குருவியையும் அரசாங்கத்துச் சாமான் கணக்கில்தான் விட்டுவைத்தார். அந்த மூன்று வார்த்தைகளைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், கண்ணில் ஒரு பக்தி வரும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டம்.

இந்த வேலை அவருக்கு வந்த வழி கோயில் வழி. ஊர் முருகன் கோயிலின் நகைப் பெட்டிச் சாவி பல வருஷமாக அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. கிரீடம், பதக்கம், வள்ளி தெய்வானைக்கு ஆளுக்கோர் ஒட்டியாணம். தைப்பூசக் காவடியன்று அவை வெளியே வரும். சாமி போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார். திரும்பி வந்து சாமி மூச்சு வாங்குவதற்குள் ஐயாசாமி கழற்ற ஆரம்பித்துவிடுவார். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிவப்புத் துணியில் சுற்றி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் மறுவேலை. ஒரு திருகாணி தொலைந்ததில்லை. ஆராய்ச்சிக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது, கோயில் கமிட்டியில் இருந்த ஒரு தலைமைக் குமாஸ்தா இந்தப் பெருமையைத்தான் எடுத்துச் சொன்னார். டாக்டருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அங்கேதான் வந்தது வினை.

முதல் நாள் டாக்டர் உட்கார வைத்து விலாவாரியாக விளக்கினார். பேட்ஜை எப்போது போட வேண்டும், எவ்வளவு நேரம் போட வேண்டும், எதற்காகப் போட வேண்டும் எல்லாம் சொன்னார். ஐயாசாமி ‘யெஸ் சார்’, ‘யெஸ் சார்’ என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். காதில் ஏறியது ஒரே ஒரு விஷயம்: இவை தொலையக்கூடாது, கெடக்கூடாது. சொன்னபடி முதல் மாதம் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மாதம் அவர் கண்ணை மூடவில்லை. ஒருத்தி பேட்ஜோடு சேர்த்துச் சட்டையைத் துவைத்துவிட்டாள். எக்ஸ்ரே எடுக்கும் சேர்ஜ், பந்தாடப் போன இடத்தில் தன் பேட்ஜை விட்டுவிட்டு வந்தான். சேர்ஜின் பூட்டன் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார். கொள்ளுப்பேரனுக்குத் தமிழில் திட்டினால்கூடப் புரியாது. ஐயாசாமி தெரிந்த மூன்று பாஷையிலும் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, இரண்டாம் மாதத்திலிருந்து தமக்குப் பழக்கமான முறைக்கு மாறிவிட்டார்.

முறை இதுதான். மாதத்தில் ஒரு நாள் டாக்டர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருவார். அன்று காலை ஐயாசாமி டின்னை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போவார். எக்ஸ்ரே அறை ஆட்களை வரிசையாக நிறுத்தித் தம் கையாலேயே பேட்ஜைக் குத்திவிடுவார். டாக்டர் வரும் நேரத்தில் நோயாளிகளை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்; மெஷின் ஓடாது. டாக்டர் எல்லார் மார்பிலும் பேட்ஜ் இருப்பதைப் பார்ப்பார், சந்தோஷப்படுவார், போவார். அவருடைய கார் கேட்டைத் தாண்டும்போதே ஐயாசாமி ஊக்கைக் கழற்றிக்கொண்டிருப்பார். அப்புறம் மாதம் முழுக்க அந்த பேட்ஜுகள் மோகாவில் சிவப்புத் துணியில் படுத்துக் கிடக்கும். சாமி நகையை யாராவது தினமும் போட்டுக்கொண்டு திரிவார்களா? அப்படித்தான் இதுவும் என்று அவருக்கு நினைப்பு. கோவிந்தம்மா என்று ஓர் ஆயா மட்டும் ஒருநாள், இதை நாங்களே வைத்துக்கொள்ளக் கூடாதா அண்ணே என்று கேட்டாள். ‘உன் சேலையில் குத்தித் துவைக்கவா?’ என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

மழையையும் மனிதர் விட்டுவைக்கவில்லை. கியூர்பிப்பில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் அகலமான தட்டு ஒன்று வைத்திருந்தார்கள். குண்டு வெடித்த தூசி மேகத்தோடு கலந்து வந்து மழையில் இறங்குகிறதாம். அந்தத் தூசியைப் பிடிக்கத்தான் தட்டு. கியூர்பிப்பில் மழைக்கு என்ன பஞ்சம்! வாரத்துக்கொரு தரம் ஐயாசாமி ஏறிப் போய்த் தட்டில் இருப்பதை அப்படியே புட்டியில் ஊற்றி அடைக்க வேண்டும். அடியில் தங்கியிருந்த கசடைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு கூசியது. இதையா இங்கிலாந்துக்கு அனுப்புவது? நம் தீவைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்? மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிகட்டி, கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரைப் புட்டியில் அடைத்தார். துணியில் தங்கியதைக் கீழே படர்ந்திருந்த, இங்கே சூசூ என்று சொல்கிற சௌசௌக் கொடியின் வேரில் உதறினார். அந்த வருஷம் கொடி நன்றாகக் காய்த்தது. காவல்காரன் பை நிறையப் பறித்துக்கொண்டு போனான்.

இப்படி அனுப்பினால் எப்படிப்பட்ட பதில் வரும்? அப்படிப்பட்ட பதில்தான் வந்தது. இந்தத் தீவில் தொழிலாளர்மேல் கதிர் படவே இல்லை, மழையும் சுத்தம் என்று இங்கிலாந்தில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஐயாசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடேயப்பா, அதற்கப்புறம் மோகா பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் காலியாகவே போகும்; உட்கார்ந்தவர்கள் அந்தக் கை குலுக்கலை இறங்கும் இடம்வரை கேட்டாக வேண்டும். தலைநகர் போர்ட் லூயிசில் பெரிய ஆபீசர்கள் நாற்காலி நாற்காலியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களால் இப்படி ஒரு பதில் வாங்க முடியுமா என்று சவால் விடுவார். முப்பது வருஷமாக அரசாங்க ஆபீசுகளில் தற்காலிக ஆளாகவே இழுத்துக்கொண்டிருந்தவருக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது என்ற பேச்சும் அடிபட்டது.

அந்தக் கோவிந்தம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐயாசாமியின் ஊர்தான், இரண்டு வீதி தள்ளி வீடு. புருஷன் இல்லை, அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. எக்ஸ்ரே அறையில் அவளுக்கு வேலை குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது. மெஷின் முன்னால் நிறுத்தினால் எந்தக் குழந்தை சும்மா நிற்கும்? அழும், உதைக்கும், அம்மா எங்கே என்று திரும்பும். கோவிந்தம்மா இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதோரம் ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள். சேர்ஜ் ஈயத் தகடு அடித்த மறைப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பொத்தானை அமுக்குவான். கதிர் புகாமல் இருக்க ஈயம் வைத்துத் தைத்த கையுறை ஒரு ஜோடி முன்பு இருந்தது. கிழிந்துபோய் அலமாரிமேல் ஏறிவிட்டது. புதிது கேட்டாள். கதிரே படவில்லை என்று இங்கிலாந்திலேயே சொல்லிவிட்டார்கள், எதற்குக் கையுறை என்று பதில் வந்தது.

முதலில் கைத்தோல் வறண்டது. தேங்காயெண்ணெய் தடவினாள். பிறகு விரல் நுனிகள் வெடித்தன. மஞ்சள் பூசினாள். நகங்களில் கறுப்புக் கோடு கோடாக இறங்கியது. கடைசியில் வலது கையில் இரண்டு விரல்களில் புண் வந்து ஆறாமல் நின்றுவிட்டது. சோறு பிசைய முடியவில்லை, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. மெஷினால் வந்த புண் என்றால் அவளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், சமையல்கட்டிலோ வேறெங்கோ மாற்று வேலையும் தர வேண்டும். மெஷினால் இல்லை என்றால், தோல் வியாதிக்காரியைக் குழந்தைகளைத் தொட விடலாமா? வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். விசாரித்து முடிவு செய்ய நாள் குறித்தார்கள். பேட்ஜை வைத்துத்தான் முடிவு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் கோவிந்தம்மா ஐயாசாமியின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னாள்.

“அண்ணே, டாக்டர் வர்றப்ப நீங்க குத்துறீங்க, அவர் போனதும் கழட்டி எடுத்துட்டுப் போயிடறீங்க. நான் புள்ளைங்களப் புடிக்கிறப்ப அது என் மேல இல்ல. அத மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க, போதும்.”

அந்த நிமிஷத்தில்தான் ஐயாசாமியின் மண்டைக்குள் விஷயம் ஏறியது. முதல் நாள் டாக்டர் உட்கார வைத்துச் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. பிலிம் கறுக்க வேண்டும் என்றுதான் கொடுக்கிறார்கள். கறுக்காமல் இவர் கட்டிக் காத்திருக்கிறார். இதுவரை செய்ததை அசட்டுத்தனம் என்று தள்ளிவிடலாம். அசடுகளிடம் கோபித்துக்கொண்டு என்ன பிரயோசனம்? இனிமேல்தான் அவருடைய லட்சணம் தெரிகிறது. அவள் கையை எதிரே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவர் கண்ணுக்குத் தெரிந்ததோ நிரந்தர உத்தரவும், பென்ஷனும், விஷயம் தெரிந்தால் டாக்டரின் முகம் போகும் போக்கும்தான்.

“பார்க்கலாம் தங்கச்சி. கி பு ஃபேர், பெரியவங்க சமாசாரம்” என்றார். என்ன செய்வது என்று கையை விரிக்கிற கிரியோல் வார்த்தை அது. கோவிந்தம்மா அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டாள்.

விசாரணை மேட்ரன் அறையில் நடந்தது. டாக்டருக்கு இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை தெரியாது. மேட்ரன் அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியவள். சேர்ஜ் மெஷினை விட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஆகையால் கோவிந்தம்மா பேசுவதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்லும் பொறுப்பும் நம் ஐயாசாமியின் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, அவரே முன்வந்து வாங்கிக்கொண்டார்.

இந்தப் பெண் பேட்ஜ் போட்டிருந்தாளா என்று டாக்டர் கேட்டார். போட்டிருந்தாள் சார், நானே என் கையால் குத்தினேன் என்று ஐயாசாமி பதில் சொன்னார். இதில் எங்கே பொய் இருக்கிறது? ஒரு எழுத்து பொய் கிடையாது. இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் முருகன்மேல் சத்தியம் செய்துவிட்டு இதைத்தான் சொல்வார். எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்கவில்லையே, கேட்காததை எப்படிச் சொல்வது என்பார். வெட்கம் கெட்ட மனுஷன்.

கோவிந்தம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாவிட்டாலும், அண்ணன் பேச்சு இவ்வளவு சுருக்கமாக முடியக்கூடாது என்பது புரிந்தது. அவளே பேச ஆரம்பித்தாள். தமிழும் கிரியோலுமாக மூச்சு விடாமல் சொன்னாள். பேட்ஜ் எப்போது வரும், எப்போது திரும்பிப் போகும், டின், சிவப்புத் துணி, பஸ், கையுறை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். டாக்டர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்ன சொல்கிறாள் என்று ஐயாசாமி பக்கம் திரும்பினார்.

ஐயாசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கை ரொம்ப வலிக்கிறதாம், சார்.”

அத்தனை நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா என்று டாக்டருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் நகைப் பெட்டியையே நம்பி ஒப்படைத்த ஆள் சொல்கிறார், இங்கிலாந்துப் பதிலும் அதையேதான் சொல்கிறது. தோல் வியாதி என்று முடிவாயிற்று. அந்த வாரத்தோடு கோவிந்தம்மாவின் வேலை போயிற்று. அடுத்த மாதம் ஐயாசாமிக்கு நிரந்தர உத்தரவு வந்தது. ஊரில் யார் கேட்டாலும், அவள் கையில் ஒன்றுமே இல்லை, சும்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனிமேல்தான் வேடிக்கை. ஒன்றுமே இல்லை என்று சாதித்தவருக்கு அன்றிலிருந்து கதிர்ப் பயம் பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரே அறைக்குள் கால் வைப்பதில்லை. ஆட்களை வராந்தாவுக்கு வரச் சொல்லி, கையை எட்டிய மட்டும் நீட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பேட்ஜைக் குத்துகிறார். முறையையாவது மாற்றினாரா? மாற்றினால், இதுவரை ஏன் மாற்றவில்லை என்று கேள்வி வருமே. டின் இன்றும் மோகாவுக்குத்தான் திரும்பிப் போகிறது. கதிர் பட்டவர்களைத் தொட்டால் நமக்கும் ஒட்டுமா என்று சேர்ஜிடம் ரகசியமாக விசாரித்தார். ஒட்டாது, இதென்ன சொறியா சிரங்கா என்று சேர்ஜ் சிரித்தான். ஐயாசாமி நம்பவில்லை. கோவிந்தம்மா எதிரே வந்தால் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வீதியின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

கோவிந்தம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தும், கல்யாணம் கார்த்திகைக்குச் சமைத்துப் போட்டும் காலம் தள்ளுகிறாள். மெஷினை விட்டு விலகிய பிறகு புண் மெதுவாக மூடியது. எதனால் வந்தது என்று அதிலேயே ஊருக்குப் புரிந்துபோயிற்று. ஆனால் அந்த இரண்டு விரல்கள் மடங்குவதில்லை, அவற்றில் நகமும் முளைக்கவில்லை. அரசாங்கம் வியாதிக்காரி என்று சொன்னதற்காக யாரும் அவளை ஒதுக்கிவிடவில்லை. அவள் தட்டிய வடை தங்கள் பந்தியில் இருக்க வேண்டும் என்று வந்து கூப்பிடுகிறார்கள்.

இந்த வருஷக் காவடிக்கும் கூப்பிட்டார்கள். பத்து நாள் விரதம் இருந்து, காவடி இறக்கி, பூஜை முடிந்து, கோயில் பந்தலில் எல்லாரும் பந்திக்கு உட்கார்ந்தார்கள். ஏழு கறிச் சாப்பாடு. மணம் தெருவரை போயிற்று. கமிட்டி ஆட்களுக்கென்று விட்டிருந்த முன்வரிசையில் ஐயாசாமி இலை போட்டு, தண்ணீர் தெளித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பசியில் கண் இருண்டுகொண்டு வந்தது. முதலில் வடைக் கூடை வந்தது. அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள் கோவிந்தம்மா. வரிசையில் ஒவ்வோர் இலையாகக் குனிந்து, மடங்காத அந்த விரல்களால் எடுத்து எடுத்து வைத்தாள். குமாஸ்தா வாங்கிக்கொண்டார், குருக்களின் மகன் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டான். அடுத்த இலை ஐயாசாமியுடையது.

அவள் வடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“பசியோட இருப்பீங்க, சாப்பிடுங்க அண்ணே. என் கையில ஒண்ணும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?”

குமாஸ்தா இலையிலிருந்து தலையைத் தூக்கி ஐயாசாமியைப் பார்த்தார். ஐயாசாமி யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றும் விழாத இலையை மூடிக்கொண்டார்.